குஞ்சுகளுக்கு இடம் எங்கே?

வீட்டில் ஊர்வனவற்றை இனப்பெருக்கம் செய்வது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அதில் இறங்குவோர் முதலில் நல்ல ஜோடியையும் முட்டைகளை அடைவைக்கும் இன்குபேட்டரையும் வாங்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அந்த வரிசையே எனக்குத் தலைகீழாகப் படுகிறது. சிங்கப்பூரில் சிறுத்தைப் பல்லியையோ பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பையோ வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதால், நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி, வளர்க்க அனுமதியுள்ள சிவப்புக்காது ஆமையோடு முடிந்துவிடுகிறது.

அதன் முட்டைகளை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸில் அடைவைத்தால் ஆண் குஞ்சுகளும், 31 டிகிரியில் வைத்தால் பெண் குஞ்சுகளும் பொரிக்கும் என்பதால், வெப்பமானியைச் சரிபார்க்காமல் தொடங்குபவர் தாம் அறியாமலேயே ஒரே பாலினக் கூட்டத்தை உருவாக்கிவிடுவார். இட்ட முட்டையைப் புரட்டக்கூடாது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

ஆனால் என் தயக்கம் வேறு. ஒரு பெண் ஆமை ஆண்டுக்குப் பலமுறை முட்டையிடும். குஞ்சு ஒவ்வொன்றும் முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. நாணய அளவில் வாங்கியது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும் (என் மாமா வீட்டுத் தொட்டியே சாட்சி) வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமிருப்பதில்லை. அனுமதியின்றி நீர்த்தேக்கத்தில் விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், உள்ளூர் ஆமைகளுக்கும் போட்டி. ஆகவே ஒவ்வொரு குஞ்சையும் ஏற்கும் வீட்டை உறுதிசெய்யும்வரை ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டிகளில் வைத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன்.