விருப்பப் பாடமாகவே நீடிக்கட்டும்
அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விமானப்படை நடத்தும் இளநிலைப் பயிற்சி (JROTC எனப்படும், அணிவகுப்பும் தலைமைப் பண்பும் கற்பிக்கும் வகுப்பு) வெறும் ஆள்சேர்ப்பு ஏற்பாடே என்று, அதைப் பற்றி வெளியான கட்டுரையில் கட்டுரையாளர் கூறுவதை முழுமையாக ஏற்க இயலவில்லை. 1966 முதல் நடைபெற்றுவரும் இவ்வகுப்பில் ஓய்வுபெற்ற படையினர் ஆசிரியர்களாக இருந்தாலும், அணிவகுப்புக்கு ஆணையிடுவதும் இளையோரின் சீருடையைச் சரிபார்ப்பதும் மூத்த மாணவர்களே. பதினாறு வயதில் பிறருக்குப் பொறுப்பேற்கக் கற்கும் வாய்ப்பு பள்ளியில் வேறெங்கும் எளிதில் அமைவதில்லை. இதன் கீழ் 2018-இல் தொடங்கிய கோடைக்கால விமானப் பயிற்சியோ, தேர்வாகும் மாணவர்கள் ஏறத்தாழ எட்டு வாரங்களில் தனியார் விமானி உரிமம் (ஊதியம் பெறாமல் சிறு விமானம் ஓட்டும் அனுமதி) பெறக் கட்டணமின்றி வழிசெய்கிறது. அதற்கு ஈடாகப் படையில் சேரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயிற்சிக் கட்டணம் எட்டாக்கனியாக உள்ள குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு! ஆனால், சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அவர்களது விருப்பத்தைக் கேளாமலே இத்தகைய வகுப்புகளில் சேர்த்தது பெருந்தவறு. அதை உடனே நிறுத்த வேண்டும் என்பதில் கட்டுரையாளரோடு முழுமையாக உடன்படுகிறேன்.