சிசி அதிகமென்றால் பவரும் அதே அளவு அதிகமா?

ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 பைக், ஹோண்டா ரெபல் 500 பைக்கை விட சிசியில் (எஞ்சின் கொள்ளளவில்) பெரியது, அதனால் பவரிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று சிலர் சொல்கிறார்கள். சிசி கணக்கு சரிதான்: 648, 471. ஆனால் பவர் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூப்பர் மீட்டியார் 7250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 34.6 கிலோவாட், ரெபல் 8500-இல் சுமார் 34.

பவர் என்பது டார்க்கையும் (எஞ்சினின் முறுக்கு விசை) சுற்றையும் பெருக்கி வருவது. சின்ன எஞ்சின் வேகமாகச் சுற்றி அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பெரிய எஞ்சினின் உண்மையான லாபம் டார்க்: 5650-இல் 52.3 நியூட்டன் மீட்டர். ரெபலில் 6000-இல் 43.3. பின்னால் ஆள் உட்கார்ந்து மேடு ஏறும்போது கியரைக் குறைக்காமல் இழுப்பது இதனால்தான். ஆனால் எடையையும் பாருங்கள்: 241 கிலோ, ரெபல் 191. இந்த 50 கிலோவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை!

சரிபார்க்க, இரு நிறுவனத் தளங்களிலும் ஸ்பெசிஃபிகேஷனில் மேக்ஸ் பவர், டார்க், கெர்ப் வெயிட் (பெட்ரோல், ஆயிலோடு சேர்த்த எடை) வரிகளை ஆர்பிஎம்மோடு சேர்த்துப் படியுங்கள். பவர் ஒன்றில் பிஎஸ், மற்றதில் பிஎச்பி என்ற குதிரைத்திறன் அலகில் இருந்தால் முதலில் கிலோவாட்டாக மாற்றுங்கள்: 1 பிஎஸ் 0.7355, 1 பிஎச்பி 0.7457.