ஐந்து கட்டையில் பாடும் கரண்ட்

மூன்று நிமிடப் பாட்டு. ஒரு குரல், கூட ஒரு தம்புரா. மிருதங்கம் கிடையாது, வயலின் கிடையாது, கைத்தாளம்கூடக் கிடையாது. இதை வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்ய ஆரம்பித்து நான்கு வாரம் ஆகிறது. பாடியதையெல்லாம் கூட்டினால் இரண்டு மணி நேரம் தேறாது. மற்ற நேரமெல்லாம் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று எழுந்திருக்கும்போது மேஜை விளிம்பில் மண்டையை இடித்துக்கொண்டேன் பாருங்கள், அப்போதுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

போனிலேயே பதிவு செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்து பார்த்தாயிற்று. ஆன்லைனில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். வீடியோ காலில் இரைச்சல் நீக்கும் வசதி ஒன்று இருக்கிறதே, அந்தப் புண்ணியவான் தம்புராவை ஃபேன் சத்தம் என்று முடிவு கட்டித் துடைத்துவிடுகிறான். நீளமாகக் கார்வை பிடித்தால் என் குரலுக்கும் அதே கதி. சரி, நல்லதாக ஒரு கண்டன்சர் மைக்கும், மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியும் வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

எந்தப் பெட்டியை எடுத்தாலும் மேலே பெரிய எழுத்தில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு அதுவே அதிகம். ஓர் ஒலியைப் பிடிக்க அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலான வேகத்தில் மாதிரி எடுத்தால் போதும், சிடி 44.1-ல் நின்றது அதனால்தான். 192 எல்லாம் வௌவால்களுக்குக் கச்சேரி செய்கிறவர்களுக்கு. 48-ல் எடுப்பதைவிட நான்கு மடங்கு ஹார்டு டிஸ்க்கைத் தின்னும், என் குரல் அதனால் ஒன்றும் இனிக்கப் போவதில்லை. ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பதுதான் 24 பிட், அதைக் குறை சொல்ல மாட்டேன். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து பதிவாகுமோ என்று பயந்து அளவைக் குறைத்து வைத்துப் பாடலாம், பிறகு ஏற்றினாலும் அடியிலிருந்து இரைச்சல் கிளம்பாது. ஆனால் மைக் சத்தத்தை அந்தப் பெட்டி எத்தனை டெசிபல் ஏற்றித் தரும் என்பதுதானே முதலில் தெரிய வேண்டும்? அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட்காஸ்ட் பேசுகிறவர்கள் வாய்க்கு முன்னால் தொங்குகிறதே ஷூர் எஸ்எம்7பி, அந்த மாதிரி மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்குக்கு 60 டெசிபலாவது வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் பலவும் 50-சொச்சத்திலேயே மூச்சு வாங்கும்.

நான் வாங்கியதில் ‘நான்கு இன்புட்’ என்று போட்டிருந்தது. மைக் செருக முடிவது இரண்டில்தான். மற்ற இரண்டும் பின்பக்கம், கீபோர்டு மாதிரி ஏற்கெனவே பலமான சிக்னல் தரும் கருவிகளுக்கு. ஐந்நூறு பேர் உட்காரலாம் என்று மண்டபத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, வாசல் திண்ணையையும் சேர்த்துத்தான் சொன்னோம் என்பது மாதிரி.

செருகலாம் என்று உட்கார்ந்தால், பெட்டியோடு வந்த வயர் என் லேப்டாப்புக்குச் சேராது. லேப்டாப்பில் இருப்பது டைப்-சி மட்டும். வீட்டில் இருந்த டைப்-சி வயரைச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, இன்டர்ஃபேஸில் விளக்கும் எரிந்தது. லேப்டாப்போ ‘யார் நீ’ என்கிறது. இரண்டு நாள் டிரைவரை அழிப்பதும் போடுவதுமாகக் கழிந்தது. கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன் வயரைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் செருகிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல சார்ஜ் மட்டும்தான் போகும், டேட்டா போகாது” என்றான். டைப்-சி என்பது முனையின் வடிவத்துக்குப் பெயராம், உள்ளே என்ன ஓடுகிறது என்பதற்கு அல்லவாம். தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புக்கும் அதே வடிவம்தான். தண்டர்போல்ட் மட்டுமே பேசும் இன்டர்ஃபேஸைச் சாதாரண டைப்-சியில் செருகினால் அழகாக உட்காரும், அதோடு சரி. இத்தனைக்கும் என் பெட்டிக்குள் ஓடுவது 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0. இரண்டு மைக்குக்கு அதுவே தாராளம்.

அடுத்தது தம்புரா. என் பழைய போனில் தம்புரா ஆப் இருக்கிறது, ஹெட்போன் ஓட்டையும் இருக்கிறது. ஒரு வயரின் சின்னப் பின்னைப் போனிலும், மறுமுனையின் கால் இஞ்ச் பின்னை இன்டர்ஃபேஸின் முன்பக்கத்திலும் செருகினேன். கிளிக்கென்று உட்கார்ந்தது. சத்தம்? கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல் ஏதோ வந்தது. போனில் முழு வால்யூம், பெட்டியில் சத்தத்தை ஏற்றும் கெயின் முழுசும் திருகியாயிற்று, முனகல்தான் பெரிதாகிறது.

காரணம் தெரிந்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பின்னின் நுனியில் இடது காதுக்கான சத்தம் வருகிறது, நடு வளையத்தில் வலது காதுக்கானது. இன்டர்ஃபேஸுக்கோ ஸ்டீரியோ பற்றிக் கவலையே இல்லை. பேலன்ஸ்டு வயர் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துவிடுகிறது. நீள வயரில் வழியில் ஏறும் இரைச்சலை ஒழிக்கச் செய்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் தம்புரா இரண்டு காதிலும் ஒன்றுபோலத்தானே வருகிறது? நூறிலிருந்து நூறு போனால் என்ன மிஞ்சும்? நானே தம்புராவைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஆப் கெட்டுப்போய்விட்டது என்று அதை அழித்து அழித்து இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் வயரை வாங்கிப் பின்பக்க ஓட்டைகளில் செருகியதும் சரியாகிவிட்டது. திண்ணைக்கு அப்போதுதான் ஆள் வந்தது. இதை அட்டைப்பெட்டியில் ஒரு வரி எழுதினால் குறைந்தா போவார்கள்? 192 என்று உள்ளங்கை அகலத்துக்குப் போட இடம் இருக்கிறதே!

கண்டன்சர் மைக்குக்குக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு மைக் செத்துவிட்டது என்று ஒரு மாலை முழுக்கப் புலம்பியதை விட்டுவிடுகிறேன். பாடினால் என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்ட கதை மட்டும் சொல்கிறேன். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் போட்ட பிறகும் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும் மாதிரிகளின் (சாம்பிள்) எண்ணிக்கை, 1024-ல் இருந்திருக்கிறது. 44.1-ல் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லிசெகண்ட். போக ஒன்று, வர ஒன்று, 46. ஆலாபனையில் அவ்வளவாகத் தெரியாது. தாளத்தோடு வேகமாகக் கல்பனாஸ்வரம் பாடிப் பாருங்கள், உங்கள் குரலே உங்களுக்குப் பின்பாட்டு பாடும். 128-க்கு இறக்கினால் லேப்டாப் பொரி வறுக்க ஆரம்பித்துவிடுகிறது. பெட்டியின் முகப்பிலேயே டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள். இது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதன்முதலாகப் பல்லவி முழுதும் பதிவு செய்து அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். “ஏம்மா, ரெண்டு தம்புரா வெச்சிருக்கியா? ஒண்ணு சேரலையே. கொஞ்சம் தூக்கலா நிக்குதே.” ஒன்றுதான்ப்பா என்றேன். “இல்லம்மா, ரெண்டு” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அப்பா சொன்னது சரி. நான் ஐந்து கட்டை. மேற்கத்தியக் கணக்கில் ஜி, என் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஆடியோவில் கசிந்தால் தனியாக வராது. 100, 150, 200 என்று மடங்குகளையும் குடும்பத்தோடு கூட்டி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஸட்ஜம், 150 பஞ்சமம், 200 மேல் ஸட்ஜம். சாட்சாத் தம்புரா! அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு என் ஸ்ருதியைவிடத் தூக்கலாக. 196-ம் 200-ம் சேர்ந்து ஒலித்தால் செகண்டுக்கு நாலு விம்மல். பள்ளியில் இசைக்கவையைத் தட்டிக் காட்டுவார்களே, அதே விம்மல். இதற்குப் பக்கத்தில் வராத கட்டையில் பாடுகிறவருக்கு இது வெறும் இரைச்சல். எனக்குப் போட்டிக் கச்சேரி.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன், அடங்கிவிட்டது. செருகினேன், வந்துவிட்டது. இன்டர்ஃபேஸின் இரும்பு உடம்பில் கை வைத்தால் பாதி குறைகிறது. வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று எறும்பு ஊர்கிறது.

தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஒரு ஹோல்டர், குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் கொண்டுவந்தார். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தார். பல்பு சும்மா இருந்தது. “எர்த் ஓட்டை இருக்கு மேடம். எர்த்துதான் இல்ல.” போர்டைக் கழற்றிக் காட்டினார். மூன்று பின் பிளக்கின் அந்தத் தடித்த மேல் பின் போய் உட்காருமே, அதற்குப் பின்னால் வயரே இல்லை. ஒட்டடைதான் இருந்தது. சார்ஜருக்குள் இரைச்சலைத் தரைக்குத் தள்ளிவிட ஓர் ஏற்பாடு உண்டு. தள்ள வழி இல்லாததால் அது லேப்டாப்பின் உடம்பில் ஏறி, யுஎஸ்பி வயர் வழியாக வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருக்கிறது.

வீடு முழுக்க இதே கதை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கெய்சர், எதற்கும் எர்த் கிடையாது. ஏழு வருடமாக ஈரக் கையோடு அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். ஓனரிடம் சொன்னால், “இத்தனை வருஷத்துல யாரும் கம்ப்ளைன்ட் பண்ணதில்லம்மா, உனக்கு மட்டும்தான் கேக்குது” என்கிறார். ஷாக்கைப் பற்றிப் பேசுகிறேன், அவர் என் காதைப் பற்றிப் பேசுகிறார்! இதற்கு நடுவில் தெரிந்த தம்பி ஒருவர் யோசனை சொன்னார், இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னில் டேப்பைச் சுற்றிவிடுங்கள், போய்விடும் என்று. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். என் வீட்டைக் கட்டியவர் அதைத்தான் சுவருக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறார்.

பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பார்க்கலாம் என்கிறார் ஓனர். அதுவரை பேட்டரிதான். சார்ஜரைக் கழற்றி, போனையும் சார்ஜிலிருந்து எடுத்து, ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். லேப்டாப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, ஐம்பது நிமிடம் தாங்கும். அதில் பத்து நிமிடம் வேர்வை துடைக்கவே போய்விடும். இன்று பல்லவியும் அனுபல்லவியும் முடிந்தன. அப்பா கேட்டுவிட்டு, “இப்ப ஒண்ணுதான்” என்றார். சரணத்துக்கு மைக் முன்னால் வந்து உட்கார்ந்தேன். சார்ஜ் 4 சதவீதம்.