எல்லாப் பழங்குடி ஓவியமும் புள்ளி ஓவியமா?

“ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றாலே புள்ளிதான், 40,000 ஆண்டுகளாக இப்படியே வரைகிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பாறை ஓவியங்கள் மிகப் பழையவைதான். ஆனால் இன்று நாம் காணும் புள்ளி ஓவிய இயக்கம் 1971-இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் தொடங்கியது. சடங்குக்காக மண்ணிலும் உடம்பிலும் இட்ட வடிவங்களைப் பெரியவர்கள் பலகையில் தீட்டினார்கள். பிறகு கான்வாஸ் வந்தது. பெரும்பாலும் கடையில் வாங்கிய அக்ரிலிக் வண்ணம்!

வடமேற்கே, கிழக்கு கிம்பர்லியில் கதையே வேறு. வார்முன் ஊர்ப் பெரியவர் ரோவர் தாமஸ் காவி மண், வெள்ளைக் களிமண் போன்ற இயற்கை நிறங்களையே நம்பினார். மரப்பிசின் கலந்து பூசுவார். அகலமான செம்மண் பரப்பு, வெறுமை, அவ்வளவே. 1974-இல் டார்வின் நகரைச் சிதைத்த டிரேசி புயலை 1991-இல் கரும் பெரும் பட்டையாகத் தீட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றிருந்தன.

அவரிடம் புள்ளியே கிடையாது என்று அடுத்த ஃபார்வர்டு கிளப்பிவிடாதீர்கள். உண்டு: நிறத்திட்டுகளின் ஓரத்தில், வரப்பு கட்டியதுபோல, ஒற்றை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்.