அது காதல் தோல்விப் பாட்டு இல்லை

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனுக்காகவே எழுதிய காதல் தோல்விப் பாட்டு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. 1973இல் அதை எழுதியவர் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வகை இசை) பாடகி டாலி பார்ட்டன். தன்னை டிவியில் வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியை விட்டு விலக, சண்டை போட்டுப் பயனில்லாமல், பாட்டாகவே எழுதிப் பாடிக் காட்டி விடைபெற்றார். 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். 1982இல் மறுபதிவுக்கும் முதலிடம்.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி அழுதாலும் கொடுக்கவில்லை. என்ன உறுதி! அதனால்தான் 1992இல் விட்னி பாடி, 14 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றபோது உரிமை முழுதாக டாலி கையில் இருந்தது. விட்னியின் குரல் அபாரம், மறுப்பே இல்லை. ஆனால் எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.