சத்யத்துக்குப் பிறகு மாறியதும் மாறாததும்

நிறுவனத்தோடும் அதன் உரிமையாளர்களோடும் தொடர்பில்லாமல் இயக்குநர் குழுவில் உட்காரும் சுயேச்சை இயக்குநர்கள் வெறும் அலங்காரம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதை முழுக்க ஏற்க முடியவில்லை. ஆனால் ஒரு காலத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. 2008 டிசம்பரில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம், தன் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் என்ற கட்டுமான, ரியல் எஸ்டேட் நிறுவனங்களை வாங்க முடிவெடுத்தபோது இயக்குநர் குழுவில் பேர்பெற்ற பேராசிரியர்கள் இருந்தார்கள். ஆனாலும் குழு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகுதான், சில மணி நேரத்தில் அந்த முடிவைக் கைவிட்டார்கள்.

அப்புறம் 2013 கம்பெனிகள் சட்டம் வந்தது. சுயேச்சை இயக்குநர் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது நிர்வாகத்தினர் இல்லாமல் அவர்கள் தனியாகக் கூட வேண்டும். இதெல்லாம் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது புரமோட்டரின், அதாவது நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின், ஓட்டும் சேர்கிறதே, அப்புறம் எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அவர்களை நியமிக்கும் அந்த ஒரு தீர்மானத்திலாவது சிறு பங்குதாரர்களின் ஓட்டைத் தனியாக எண்ண வேண்டும்.