“மூலிகைதானே” என்று சொல்லாமல் விட்ட ஒரு டப்பா

வீட்டில் யாராவது பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பிரஷர். தினமும் காலையில் ஒரு அம்லோடிபின், கூடவே நீர் பிரிவதற்கான ஹைட்ரோகுளோரோதையசைடு. 130/80-ஐ ஒட்டியே இருந்த அளவு போன வருஷம் திடீரென்று 160, 170 என்று ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இறங்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். எழுந்து உட்கார்ந்து இருட்டிலேயே காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நாலு படி ஏறுவதற்குள் கால் துவண்டுவிடும். வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். கடைசியில் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது பொட்டாசியம் 2.8. அது 3.5-க்குக் கீழே போனாலே குறைவு. இன்னும் இறங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

“வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களாம்மா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். அம்மாவும் இல்லை என்றுதான் சொன்னார். அது பொய்யும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது மாத்திரை இல்லையே.

ஒருநாள் சாயங்காலம் என் கண் முன்னாலேயே ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, உள்ளேயே கிடந்த ஸ்பூனால் மஞ்சளான ஒரு பொடியை அள்ளி வெந்நீரில் கலக்கினார். அதிமதுரம். தொண்டை வறட்சிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் நடந்திருக்கிறது. “மூலிகைதானேடா, இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லணுமா?” என்றார்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளைசிரைசின். கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் ஒரு நொதி அடக்கி வைத்திருக்கிறது. கிளைசிரைசின் உடம்புக்குள் போய் அந்த நொதியை முடக்கிவிடும். அதன் பிறகு கார்டிசோல், ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் பார்க்க வேண்டிய வேலையைத் தானே பார்க்கத் தொடங்கும்: உப்பும் நீரும் உடம்பில் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். அம்மா சாப்பிட்ட நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதுதான். ஒரு பக்கம் பிரஷரை ஏற்றும் பொடி, இன்னொரு பக்கம் அதை இறக்கப் போராடும் மாத்திரை, நடுவில் இரண்டும் சேர்ந்து உறிஞ்சிய பொட்டாசியம். பொடியை நிறுத்தினோம். நிறுத்திய உடனே சரியாகிவிடாது. அதன் பாதிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். அம்மாவுக்கு மூன்று வாரம் பிடித்தது.

இதைச் சொன்னால் உடனே சிலர் “அப்போ மூலிகையே தப்பா?” என்று கேட்பார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. மூலிகை வேலை செய்யும், அதனால்தான் சொல்கிறேன். சர்ப்பகந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இந்திய மருத்துவர் 1949-இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ என்ற இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு, பிரஷர் மாத்திரையாகவே விற்பனைக்கு வந்தது. அப்படியானால் அந்த வேரைச் சேர்த்த சூரணத்தையும், நாடித்துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரையையும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர் இரண்டு பிரஷர் மருந்து சாப்பிடுகிறார். துடிப்பு மிகவும் குறைந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்தால், அந்தச் சூரணத்தை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

பொட்டாசியம் எதிர்த் திசையிலும் போகும். எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைப்பவை. அதோடு பொட்டாசியம் நிறைந்த நோனிப் பழச் சாறோ, “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்கும் பொட்டாசியம் குளோரைடோ சேர்ந்தால், அதுவும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, ஆபத்து. மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, நிஃபெடிபின் போன்ற மருந்துகளை வேகமாகச் சிதைத்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்காது. மூட்டுவலிக்கு “முழுக்க மூலிகை” என்று விற்ற சில பொருள்களில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பரிசோதனையில் பிடித்திருக்கிறார்கள். இரண்டுமே பிரஷரை ஏற்றக்கூடியவை.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பொடியைப் பற்றிச் சொன்ன அன்று ஒரு டாக்டர் அம்மாவைத் திட்டினார். “கண்டதையும் சாப்பிட்டுட்டு என்கிட்ட வந்தா நான் என்ன பண்றது?” அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த தடவை வாயைத் திறப்பாரா? “வாயில் போடுற எல்லாத்தையும் சொல்லுங்க, பொடி, கஷாயம், லேகியம், டானிக் எதுவானாலும்” என்று கேட்க அரை நிமிஷம் ஆகுமா? டாக்டர்களே, தயவுசெய்து அப்படிக் கேளுங்கள். சித்தா, ஆயுர்வேத மருத்துவரிடம் போகிறவர்களும் இங்கிலீஷ் மாத்திரைச் சீட்டை எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள். மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பாட்டில் வந்தாலும் லேபிளைப் படம் எடுத்து வைக்கிறேன். டாக்டர் சரி என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் புதிதாகத் தொடங்குவோம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது என்ன செய்தது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் பிரஷர் பார்த்து எழுதுகிறோம்: ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை. அறுவை சிகிச்சை இருந்தால் மூலிகைகளை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுவோம். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் மூலிகையை நம்பி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளோனிடினையோ, அட்டெனலால் வகையையோ சட்டென்று விட்டால் பிரஷர் எகிறும், மாரடைப்பு வரைக்கும்கூடப் போகலாம்.

போன வாரம் அப்பா பூண்டு கேப்ஸ்யூல் வாங்கி வந்திருக்கிறார். அவர் ஏற்கனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். பாட்டிலை இன்னும் திறக்கவில்லை, லேபிள் படம் என் போனில் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.